கருவிக்குத் தெரிந்தது, கரைக்குத் தெரியவில்லை: கடலைப் பற்றிய அறிவின் ஒரு சிறு வரலாறு



அலுவலகங்களிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் இப்போது இரண்டு சொற்களை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று, வலையமைப்பில் இணைந்த கருவிகள். மற்றது, பெருந்தரவு. கருவிகள் தாமாகவே அளந்து அனுப்பும், கணினி அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து விடையைச் சொல்லும், இனி ஒரு நிறுவனம் தன் அறிவைப் பேணுவதற்கு அனுபவசாலிகளை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது போலப் பேசுகிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

கரையோர மக்களாகிய எமக்கு இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை. கடலைப் பற்றிய அறிவை மனிதன் எப்படிச் சேர்த்தான், எங்கே வைத்தான், யாரிடம் கொடுத்தான் என்ற வரலாறே போதும். அந்த வரலாற்றின் ஒரு பக்கத்தில் எமது ஜனாஸாக்களும் இருக்கின்றன. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

1. முஅல்லிமின் நெஞ்சில்

15ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமா பகுதியில் இருந்த ஜுல்பார் என்ற துறைமுகத்தில் பிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். கப்பலுக்கு வழி காட்டுபவரை அரபிகள் முஅல்லிம் என்று அழைத்தார்கள். நாம் ஆசிரியருக்குச் சொல்லும் அதே சொல்தான். இப்னு மாஜிதின் தகப்பனும் பாட்டனும்கூட முஅல்லிம்களே. வாஸ்கோடகாமாவை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் இவர்தான் என்றொரு கதை எம்மிடையே பரவலாக உண்டு. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை.

அவர் 1490ஆம் ஆண்டளவில் எழுதிய கிதாபுல் பவாயித் இந்து சமுத்திரத்துக் கடலோடிகளின் அறிவைத் தொகுத்த பெரும் நூல். எந்த நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நின்றால் எந்தக் கரை, எந்தக் காற்று எந்தத் திகதியில் தொடங்கும், கரை நெருங்குவதை எந்தப் பறவை காட்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. எமது இலங்கைத் தீவும் அதில் பேசப்படுகிறது. இவற்றில் பெரும் பகுதியை அவர் செய்யுளாகவும் பாடி வைத்தார். காரணம் எளியது. புயலில் ஏட்டைப் புரட்ட முடியாது. மனப்பாடமாக இருந்தால்தான் உதவும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. முஅல்லிம் நடுக்கடலில் மௌத்தானால் அவருடைய அறிவும் அவரோடு போய்விடும். ஆனால் ஒரு பெரிய பலமும் இருந்தது. அறிந்தவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. வானத்தைப் பார்த்தவர்தான் சுக்கானைத் திருப்பச் சொன்னார். அறிவுக்கும் செயலுக்கும் இடையில் தூரமே இல்லை. இந்தத் தூரம் என்ற விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

2. ஏடுகள் பேசத் தொடங்கியபோது

1842இல் அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக மத்தியூ மோரி என்ற அதிகாரி வந்தார். விபத்தில் கால் முறிந்ததால் கப்பலில் போக முடியாமல் மேசை வேலைக்கு வந்தவர். அங்கே பழைய கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் தேடுவாரற்றுக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு நாளும் எங்கே நின்றது, காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி என்று எழுதப்பட்ட ஏடுகள். பயணம் முடிந்ததும் அவற்றால் பயனில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மோரி அப்படி நினைக்கவில்லை. ஒரு ஏடு ஒரு பயணத்தைச் சொல்லும். ஆயிரம் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடலே பேசும். அவரும் உதவியாளர்களும் ஏடுகளிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் பெயர்த்தெடுத்து, 1847இலிருந்து வரைபடங்களாக வெளியிட்டார்கள். பிறகு மாலுமிகளோடு ஒரு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டார். உங்கள் குறிப்புகளை எமது படிவத்தில் எழுதி அனுப்புங்கள், வரைபடத்தை இலவசமாகத் தருகிறோம் என்பது அந்த ஏற்பாடு. அந்த வரைபடத்தைப் பின்பற்றிய கப்பல்கள் நீண்ட பயணங்களில் பல நாட்களை மிச்சப்படுத்தின. 1853இல் பிரசல்ஸில் கடலோடி நாடுகள் கூடி, எல்லோரும் ஒரே முறையில் குறிப்பெடுப்பது என்று பேசி முடிவெடுத்தன.

இன்று பெருந்தரவு என்று சொல்கிறோமே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. தனித்தனியே பெறுமதியற்றது போலத் தெரியும் சிறு குறிப்புகள், ஒரே அளவில், ஒரே முறையில், ஓரிடத்தில் சேரும்போது எவரும் தனியாக அறிந்திராத ஒன்றைச் சொல்கின்றன. ஆனால் கவனியுங்கள், அறிவு கப்பலை விட்டு இறங்கி அலுவலகத்துக்குப் போய்விட்டது. மாலுமிக்கும் அறிவுக்கும் இடையில் இப்போது ஒரு தபால் தூரம் வந்துவிட்டது. மோரியின் திறமை ஏடுகளைச் சேர்த்ததில் பாதிதான். மாலுமி கையில் வைத்துப் பார்க்கக்கூடிய வரைபடமாக அதைத் திருப்பிக் கொடுத்ததில் மீதிப் பாதி.

3. கருவிகள் எழுதின, வாசிக்க ஐந்து ஆண்டுகள்

1883 ஆகஸ்ட் 27. சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரகட்டோவா எரிமலை வெடித்தது. எழுந்த அலைகளில் 36,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் கடலுக்கடியில் தந்திக் கம்பிகள் வந்துவிட்டன. ஆகவே செய்தி விரைவாக உலகைச் சுற்றியது. துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகள் இந்து சமுத்திரத்தின் பல கரைகளில் அந்த அலையைக் கோடாகப் பதிந்தன. வெடிப்பின் காற்றழுத்த அலை பூமியைப் பல தடவை சுற்றி வந்ததை உலகெங்குமிருந்த காற்றழுத்தமானிகள் பதிந்தன.

ஆனால் ஒவ்வொரு கருவியும் தன் காகிதத்தில், தன் அறையில், தனியாக எழுதிக்கொண்டிருந்தது. அவற்றையெல்லாம் இலண்டன் ரோயல் சொசைட்டி திரட்டி அறிக்கையாக வெளியிட்டது 1888இல். ஐந்து ஆண்டுகள். அறிவியலுக்கு அது பொக்கிஷம். அலை வந்த கரையில் நின்றவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

4. சங்கு ஒலித்தும் போகாதவர்கள்

1946 ஏப்ரல் 1ஆம் திகதி அலாஸ்காவின் அலூசியன் தீவுகளுக்கருகே நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து அலை ஹவாயைத் தாக்கியது. அங்கே 159 பேர் இறந்தார்கள். லௌபஹோஹோ என்ற சிற்றூரில் பாடசாலைக்கு வந்திருந்த மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் அடக்கம். ஐந்து மணி நேரம் அவகாசம் இருந்தது. அதிர்வுமானிகள் பதிந்திருந்தன. சொல்ல ஆளில்லை.

அதன் பின்னர்தான் 1949இல் ஹவாயில் சுனாமி எச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. அதிர்வுமானிகளையும் கடல்மட்ட அளவிகளையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.

1960 மே மாதம் சிலியில், இதுவரை அளக்கப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பூகம்பம். இம்முறை நிலையம் சரியாகக் கணித்தது. அலை வருமுன் பல மணி நேரம் இருக்கையிலேயே ஹவாயின் ஹிலோ நகரில் சங்கு ஒலித்தது. ஆனாலும் 61 பேர் இறந்தார்கள். சங்கு ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெளிவில்லை. சிலர் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். சிலர் அலையைப் பார்க்கவே போனார்கள். அறிவு நிலையத்தில் இருந்தது. ஒலியாக ஊருக்குள்ளும் வந்தது. ஆனால் ஊரின் அறிவாக மாறவில்லை. 1965இல் பசிபிக் நாடுகள் ஒன்றிணைந்து எச்சரிக்கை முறையைச் சர்வதேச ஏற்பாடாக்கின.

பசிபிக் என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்து சமுத்திரம் அந்த ஏற்பாட்டில் இல்லை.

5. அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா விடுமுறை. எமது நாட்டின் கடிகாரம் அந்நாட்களில் இன்றைய நேரத்தைவிட அரை மணி முன்னே இருந்தது. அந்தக் கணக்கின்படி காலை 6.59க்கு சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக அதிர்வுமானி வலையமைப்பைச் சேர்ந்த ஒரு கருவி இருந்தது. சில நிமிடங்களுக்குள் அது அந்த அதிர்வைப் பதிந்தது. 7.14க்கு, அதாவது பூகம்பம் நடந்து 15 நிமிடத்தில், ஹவாய் நிலையம் தன் முதலாவது அறிவித்தலை வெளியிட்டது. பூகம்பத்தின் அளவை 8.0 என்று குறிப்பிட்டு, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது. அது பொய்யில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியே பசிபிக்கைப் பற்றியதுதான். ஒரு மணி நேரமளவில் கழித்து இரண்டாவது அறிவித்தலில் அளவு 8.5 ஆக்கப்பட்டு, பூகம்பம் நடந்த இடத்துக்கு அருகே சுனாமி ஏற்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. உண்மையான அளவு 9ஐத் தாண்டியது என்பது பின்னரே தெரிந்தது.

அந்த நேரம் அலை எமது கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் எமக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. மருதமுனையிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ நடந்தே உயிர் தப்பப் போதுமான நேரம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வயதான உம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போகவும் போதுமான நேரம்.

எவரும் சொல்லவில்லை. பல்லேகலையில் பதிந்த கோட்டை "கடற்கரையை விட்டு விலகுங்கள்" என்ற வார்த்தையாக மாற்றி எமது பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு நாட்டில் இருக்கவில்லை.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. கடல் முதலில் கிழக்கில் ஏறியது. தென்மேற்குக் கரைக்கு அது பின்னரே போனது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி அந்த இடைவெளியில் இந்தத் தீவுக்குள்ளேயே இருந்தது. அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனாலும் கொழும்பிலிருந்து காலி நோக்கிச் சென்ற ரயில் பெரலியவில் அலைக்குள் அகப்பட்டது. அதில் மாத்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர். மாவட்டங்களில் அதிக இழப்பு எமது அம்பாறைக்கு, 10,000க்கும் மேல். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக.

அன்று தரவு இல்லாமல் இந்த உயிர்கள் போகவில்லை. தரவு வந்து சேர ஒரு பாதை இல்லாமல் போயின.

6. கருவியே இல்லாமல் தப்பியவர்கள்

அதே காலையில் பூகம்ப மையத்துக்கு மிக அருகே சிமலூ என்ற தீவு இருந்தது. எமது சகோதர முஸ்லிம்கள் வாழும் தீவு. சில இடங்களில் பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. எந்த உலக நிலையமும் அவ்வளவு விரைவாக எச்சரித்திருக்க முடியாது. தீவில் ஏறக்குறைய 78,000 பேர். இறந்தவர்கள் 7 பேர்.

எப்படி? 1907இல் அந்தத் தீவை ஓர் அலை அழித்திருந்தது. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் பொருளைத் தேடாதே, மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். 97 ஆண்டுகள் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு கைமாறியது. அன்று காலை ஒருவர் ஸ்மோங் என்று கத்தினால் போதுமாக இருந்தது. இப்னு மாஜித் செய்யுளாகப் பாடி வைத்ததற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும்.

தாய்லாந்தின் புகெட் கடற்கரையில் டிலி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் வழமைக்கு மாறாக நுரைப்பதைக் கண்டு சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னாள். ஏறக்குறைய நூறு பேர் அந்தக் கரையிலிருந்து தப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னர்தான் அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பில் அதைப் படிப்பித்திருந்தார். அவர் காட்டியது 1946 ஹவாய் சுனாமியின் காணொளி. 58 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பதிவு ஒரு வகுப்பறை வழியாகச் சென்று ஒரு கரையைக் காப்பாற்றியது. ஆசிரியர்களாகிய நாம் எமது தொழிலின் பெறுமதியை அறிய இந்த ஒரு சம்பவம் போதும்.

7. கடலுக்குக் கண் வைத்தார்கள்

2004க்குப் பின்னர் நிலைமை வேகமாக மாறியது. எமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 2006 டிசம்பரில் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆழ்கடலில் இந்து சமுத்திரத்தின் முதலாவது டார்ட் மிதவை இறக்கப்பட்டது.

இந்த மிதவை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடலடியில் ஓர் அழுத்தமானி இருக்கும். மேலேயுள்ள நீரின் உயரம் ஒரு சென்ரிமீற்றரளவு மாறினாலும் அதற்குத் தெரியும். அது ஒலி மூலம் மேலேயுள்ள மிதவைக்குச் சொல்கிறது. மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. செயற்கைக்கோள் கரையிலுள்ள நிலையத்துக்குச் சொல்கிறது. எல்லாம் சில நிமிடங்களில்.

2007 ஒக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் திறக்கப்பட்டது. 2011 ஒக்டோபரிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் இந்து சமுத்திர நாடுகளுக்குத் தகவல் வழங்குகின்றன. இங்கே அறிவைப் பேணும் முறையே மாறியது. பூகம்பம் வந்த பின்னர் கணக்குப் போடத் தொடங்குவதில்லை. எங்கே, எந்த அளவில் அதிர்ந்தால் எந்தக் கரைக்கு எவ்வளவு உயர அலை வரும் என்று ஆயிரக்கணக்கான சாத்தியங்களை முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்த்துச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதிர்வு வந்ததும் அதற்குப் பொருந்துவதை எடுத்துப் பார்க்கிறார்கள். பின்னர் மிதவையின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். ஒரு மூத்த நிபுணரின் நெஞ்சில் நாற்பது வருடத்தில் சேரும் அனுபவத்தின் ஒரு பகுதியை இயந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது இதன் பலனைக் கண்டோம். எச்சரிக்கை எமது கரை வரை வந்தது. மக்கள் கரையை விட்டு விலகினார்கள். கடலடி மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அலை வராததால் அந்த எச்சரிக்கை வீண் என்று எவரும் நினைக்கக் கூடாது. பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்த நாள் அது.

8. ஒரே நாடு, இரண்டு பாடசாலைகள்

அப்படியானால் கருவிகளைப் பெருக்கினால் போதுமா? உலகிலேயே அதிகக் கருவிகள் கொண்ட நாடு ஜப்பான். 2011 மார்ச் 11 அன்று அங்கே நடந்ததைப் பார்ப்போம்.

அதிர்ந்த மூன்று நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது. ஆனால் முதல் கணக்கில் பூகம்பத்தின் அளவு 7.9 என்றே வந்தது. அதனால் சில மாகாணங்களுக்கு 3 மீற்றர் அலை என்று அறிவித்தார்கள். உண்மை அளவு 9.0. அலை பன்மடங்கு பெரியது. திருத்தம் வந்தபோது பல இடங்களில் மின்சாரம் இல்லை.

இஷினோமாக்கி நகரில் ஒகாவா ஆரம்பப் பாடசாலை. அபாய வரைபடத்தில் அது அலை வராத பகுதியில் இருந்தது. அனர்த்தக் கைநூலும் இருந்தது. ஆனால் அதில் தப்பிச் செல்லும் இடம் என்று அருகிலுள்ள வெற்றுக் காணி, பூங்கா என்று பொதுப்படையாகவே எழுதியிருந்தது. எந்தக் காணி என்று இல்லை. பாடசாலைக்குப் பின்னால் ஏறக்கூடிய குன்று இருந்தது. பிள்ளைகள் ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்தில் நின்றார்கள். கடைசியில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் புறப்பட்டபோது அலை வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் செண்டாய் மேல் நீதிமன்றம், அந்தக் கைநூலை முன்கூட்டியே திருத்தி, இடத்தைக் குறித்து வைக்காதது பாடசாலையினதும் நகரக் கல்வி நிர்வாகத்தினதும் தவறு என்று தீர்ப்பளித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய தினம் பதறிப்போன ஆசிரியர்களோடு அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. அறிவைப் புதுப்பிக்காமல் அலுமாரியில் வைத்திருந்த நிறுவனத்தையே பொறுப்பாக்கியது.

அதே கரையில் கமாய்ஷி நகரம். அங்கே பேராசிரியர் கத்தாடா தொஷிதாக்கா பல ஆண்டுகள் பாடசாலைகளோடு வேலை செய்திருந்தார். பிள்ளைகளுக்கு அவர் சொன்ன முதலாவது விதி, கணிப்பை நம்பியிருக்காதே என்பது. இரண்டாவது, உன்னால் முடிந்த உச்சத்தைச் செய். மூன்றாவது, மற்றவர் கிளம்பும்வரை காத்திராமல் நீ முதலில் ஓடு, உன்னைப் பார்த்து மற்றவர் வருவார்கள். அன்று அங்குள்ள ஒரு கனிஷ்ட உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அதைக் கண்டு பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களும் ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்த இடத்துக்குப் போயும் அது போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அந்த இரண்டு பாடசாலைகளும் வரைபடத்தில் அலை வராத பகுதியிலேயே இருந்தன. நகரில் அன்று பாடசாலையில் இருந்த ஏறக்குறைய 3,000 பிள்ளைகள் உயிர் தப்பினார்கள்.

ஒரே நாடு, ஒரே வகைக் கருவிகள், ஒரே வகை வரைபடம். ஓரிடத்தில் அறிவு தாளில் இருந்தது. மற்ற இடத்தில் பிள்ளைகளின் காலில் இருந்தது.

ஜப்பான் பிறகு இரண்டையும் செய்தது. கிழக்குக் கடலடியில் 150 அவதான நிலையங்களைக் கம்பியால் இணைத்து எஸ்-நெட் என்ற வலையமைப்பை அமைத்தது. கூடவே, மிகப் பெரிய பூகம்பம் என்றால் முதல் அறிவிப்பில் மீற்றர் கணக்குச் சொல்லாமல் "மிகப் பெரியது" என்ற சொல்லைப் பயன்படுத்துவது என்றும் 2013இல் மாற்றியது. கோடிக்கணக்கான தரவுக்குப் பின்னர் அவர்கள் கண்ட பாடம், சில வேளைகளில் எண்ணைவிட ஒரு சொல் உயிரைக் காக்கும் என்பது.

இந்தோனேசியாவும் 2018இல் இரண்டு பாடங்களைத் தந்தது. செப்டெம்பரில் பாலு நகரை அலை தாக்கியபோது, 2004க்குப் பின்னர் அந்த நாட்டுக் கடலில் இறக்கிய மிதவைகள் பராமரிப்பின்றிச் செயலிழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டிசம்பரில் அனக் கிரகட்டோவா எரிமலை சரிந்து அலை எழுந்தது. பூகம்பத்துக்காகவே அமைக்கப்பட்ட முறைக்கு அது தெரியவில்லை. 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கருவி தான் கேட்கப்பட்ட கேள்விக்கு மாத்திரமே பதில் சொல்லும். 2004இல் ஹவாயிலும் அதுதான் நடந்தது.

9. எமது நிறுவனங்களுக்கு வருவோம்

இனி எமது பாடசாலை, பள்ளிவாசல், மத்ரஸா, பிரதேச சபை ஆகியவற்றைப் பார்ப்போம். இவையும் நிறுவனங்கள்தான். இவற்றுக்கும் அறிவு உண்டு. அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஒரு சிலரின் தலையில். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவருடைய கைத்தொலைபேசியிலுள்ள இலக்கங்களும் போய்விடும். பழைய தலைவர் மௌத்தானால் எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் நோயாளி இருக்கிறார் என்ற விபரமும் போய்விடும். நாம் இன்னும் ஒரு காலில் முஅல்லிமின் காலத்தில் நிற்கிறோம். மற்றக் கால் வட்ஸ்அப் காலத்தில் நிற்கிறது. நாளைக்கு நூறு செய்தி வருகிறது, அதில் எது யார் சொன்னது என்று தெரியவில்லை. தரவு கூடிவிட்டது. அறிவு கூடியதா?

மஹல்லாவில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று, நள்ளிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் அதை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு பெயர் குறித்து யாரிடம் இருக்கிறது? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சாவி யாரிடம்? மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வது? அறிவிப்பு எமது உம்மாமாருக்கு விளங்கும் தமிழில் இருக்குமா?

இரண்டு, யாருக்கு உதவி தேவை என்ற பட்டியல் இருக்கிறதா? படுக்கையில் இருக்கும் வயோதிபர், கர்ப்பிணித் தாய்மார், இத்தா இருக்கும் பெண்கள், ஹிப்ளு மத்ரஸாவில் தங்கியிருக்கும் பிள்ளைகள். அது வருடத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்படுகிறதா?

மூன்று, எமது பாடசாலைக் கைநூலில் ஓடும் இடம் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது உயரமான இடம் என்று பொதுவாக எழுதியிருக்கிறதா? அந்தப் பாதையில் பிள்ளைகள் ஒரு தடவையாவது நடந்திருக்கிறார்களா? ஊரருகே எச்சரிக்கைக் கோபுரம் இருந்தால் அது இயங்குகிறதா என்று நாம் விசாரித்தோமா?

நான்கு, 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தரம் முடித்து வெளியேறிவிட்டார்கள். அவர்களுக்கு அன்று நடந்ததை யார் சொன்னது? சிமலூ மக்கள் ஒரு சொல்லை 97 ஆண்டுகள் காப்பாற்றினார்கள். எம்மிடம் அப்படியொரு சொல் இருக்கிறதா?

கருவிகளை நாம் குறைத்துப் பேசவில்லை. டார்ட் மிதவையும் ஹைதராபாத்தின் கணினியும் எஸ்-நெட்டும் அல்லாஹ் மனிதனுக்குக் கொடுத்த அறிவின் கனிகள். அவை எமக்கு நிமிடங்களைச் சம்பாதித்துத் தருகின்றன. அந்த நிமிடங்களைச் செலவழிக்கத் தெரிந்திருப்பது எமது வேலை. இப்னு மாஜிதின் காலத்தில் அறிவு குறைவு, ஆனால் அறிவுக்கும் செயலுக்கும் இடையில் தூரமில்லை. இன்று அறிவு கடலளவு, ஆனால் அது ஹைதராபாத்திலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், கடைசியில் எமது வீட்டுப் படலைக்கும் வர வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி நாம்தான். அந்தக் கண்ணியை எந்தக் கணினியும் எமக்காகச் செய்து தராது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் எமக்குப் போதிக்கப்பட்ட முறை. அறிவும் ஓர் அமானிதம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சேர்ப்பிக்கும் வரை அது அவர் கழுத்தில் இருக்கும்.

வரும் ஜும்ஆவுக்குப் பின்னர் அந்த நான்கு கேள்விகளையும் உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலும் கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் கீழே எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம், இன்ஷா அல்லாஹ். யா அல்லாஹ், எமது ஊர்களைப் பாதுகாப்பாயாக. எமக்குப் பயன் தரும் அறிவைத் தருவாயாக, அதை உரிய நேரத்தில் பயன்படுத்தும் புத்தியையும் தருவாயாக. ஆமீன்.